குமரியில் நாலு நாள், அஞ்சு ட்ரைபாட்

அன்றன்றைக்கு ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து எழுதிப் போட்டது இது. கடைசி நாள் மட்டும் வீட்டுக்கு வந்து, உப்பேறிய துணியை ஊறப் போட்ட பிறகு எழுதினேன்.

2025 ஜூன் 13, வெள்ளி: மாத்தூர்

மூன்று வருடமாக நாங்கள் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மலை, குளம், பனி இறங்கிய வயல், அந்த மாதிரி. கல்யாணப் படமோ குழந்தைப் படமோ யாரும் அனுப்பியதில்லை. நேரில் பார்த்துக்கொண்டது இன்றைக்குத்தான், நாகர்கோவில் ரயில் நிலைய வாசலில். பேர் வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் தொழிலை வைத்தே எழுதுகிறேன். கோவைப் பல் டாக்டரம்மா, ரிட்டயர் ஆன பேங்க் அண்ணன், சேலத்து ஜவுளிக்காரர், காலேஜ் முடிக்காத தம்பி, மதுரையிலிருந்து நான்.

படத்தை வைத்தே ஆளையும் மனசுக்குள் வரைந்து வைத்திருந்தேன். பேங்க் அண்ணன் படங்களில் வானம் முக்கால்வாசி இருக்கும், தரை ஒரு கோடு. நெட்டையான மனிதர் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் வந்தார். எதிர்த்த கடையில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி ஆளுக்கு ரெண்டு கொடுத்தார். சின்னப் பழம், வாசனை பெரிது. மிச்சத்தை என் கேமரா பையில் வைத்ததுதான் தப்பு.

மழை விட்டு விட்டுப் பெய்தது. "சாரல்தான், இப்ப நின்னுரும்" என்று வேன்காரர் சொன்ன சாரல், திருவட்டாறு தாண்டும்வரை வைப்பரை நிறுத்த விடவில்லை. வழியெல்லாம் ரப்பர் தோட்டம். பட்டை வெட்டிய இடத்தில் மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்டிருக்கிறார்கள். அதற்கடியில் பால் சொட்ட ஒரு சிரட்டை. வேனை நிறுத்தச் சொன்னான் தம்பி. "பிளாஸ்டிக்கா தெரியுமேப்பா, நல்லா இருக்காது" என்றார் ஜவுளிக்காரர். வேன் நிற்கவில்லை.

மாத்தூர் தொட்டிப் பாலம் காமராஜர் காலத்துத் திட்டம். 1966-இல் வந்தது. ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோக, நடுவிலிருக்கும் பள்ளத்துக்கு மேலே 28 தூண்களில் ஒரு தொட்டியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். ஆழமான இடத்தில் உயரம் 115 அடி. கீழே பரளியாறு. மேலே நடந்து பார்த்துவிட்டுப் படிக்கட்டு வழியாக ஆற்றங்கரைக்கு இறங்கினோம். படிகள் பாசி பிடித்து வழுக்கின. டாக்டரம்மா ஒரு படியில் உட்கார்ந்தபடியே நாலு படி இறங்கிவிட்டார். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். எங்களுக்கும் முதலில் கேமராவைத்தான் பார்க்கத் தோன்றியது, அவரை அல்ல. இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மேலே ஏறி வந்ததும் சாயாக் கடை. இந்தப் பக்கம் டீக்குச் சாயா என்றுதான் பேர். பழம்பொரி 12 ரூபாய், ஏத்தம்பழத்தை நீளமாகச் சீவி மாவில் முக்கிப் பொரித்தது. ரசவடை ஒரு கிண்ணம் 20. ரசத்தில் ஊறிய பருப்புவடையை ஸ்பூனால் வெட்டும்போது உள்ளே இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பு மிச்சம் இருக்க வேண்டும், இருந்தது. கடைக்கார அம்மா எங்கள் ட்ரைபாட்களைப் பார்த்துவிட்டு, "சர்வே எடுக்க வந்தியளா? ரோடு எப்ப அகலப்படுத்துவாவ?" என்று கேட்டார். இல்லை என்றதும் சட்டென்று ஆர்வம் போய்விட்டது.

ராத்திரி லாட்ஜ் அறையில் முதல் கூட்டம். ஆளுக்கு மூன்று படம், அதற்கு மேல் கிடையாது என்று பேங்க் அண்ணன் சட்டம் போட்டார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டால் 24 மெகாபிக்சல் படத்தை நீளவாக்கில் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். அதனால் டாக்குமென்டாக அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். மொத்தம் பதினைந்து படம், அதில் பதினொன்று ஒரே படம். கீழே நின்று அண்ணாந்து, தூண்கள் வரிசையாகப் பின்னால் போகிற மாதிரி. யார் எடுத்தது எது என்று எடுத்தவருக்கே சந்தேகம் வந்தது. டாக்டரம்மா படத்தில் மட்டும் பச்சை தனியாகத் தெரிந்தது. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தார். நனைந்த இலை வானத்தின் வெளிச்சத்தை வாங்கி வெள்ளையாகப் பளபளக்கும், அந்தப் பளபளப்பை வெட்டிவிட்டால் அடியில் இருக்கிற பச்சை வெளியே வரும். மழை நாளில் போலரைசர் வேண்டாம் என்று பையிலேயே வைத்திருந்தவர்கள் நாங்கள் நாலு பேர்.

எடுக்க வழியில்லாமலும் போயிருந்தது. என் போலரைசர் மேல் மட்டிப்பழம் நசுங்கி ஒட்டியிருந்தது.

தூங்கப் போகிற நேரத்தில் ஒரு சின்னக் கலவரம். ஜவுளிக்காரர் போன மாதம் ஒரு அருவிப் படம் அனுப்பியிருந்தார். எந்த இடம் என்று எத்தனை கேட்டும், "சொன்னா கூட்டம் வந்துரும், பாட்டில் வந்துரும்" என்று சொல்லவே மாட்டார். அந்தப் படத்தைப் போனில் எடுத்து, டாக்குமென்டாகவே அனுப்பியிருக்கிறார். டாக்குமென்டாகப் போனால் படத்தோடு ஜிபிஎஸ் குறிப்பும் சேர்ந்தே போகும். தம்பி அதை அன்றைக்கே பார்த்திருக்கிறான். பார்த்ததோடு நிற்காமல் போய், அதே இடத்தில் எடுத்த படத்தை இன்று தன் மூன்றில் ஒன்றாகக் காட்டினான். ஜவுளிக்காரர் ஐந்து நிமிடம் பேசவில்லை. அப்புறம், "உன்னுது நல்லாருக்கு" என்றார்.

ஜூன் 14, சனி: முட்டம், சிதறால்

விடியற்காலை முட்டம். பெரிய பெரிய பாறைகள், பின்னால் செம்மண் மேடு, கலங்கரை விளக்கம். கடல் பயங்கரக் கோபத்தில் இருந்தது. துறைமுகத்துப் பக்கம் விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடந்தன. இந்த மாவட்டத்துக்கு மட்டும் ஒரு வினோதம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் இங்கே ரெண்டு. கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முட்டத்துப் படகுகள் கட்டிக் கிடக்க, கிழக்குப் பக்கத்துச் சின்னமுட்டத்துப் படகுகளுக்கு இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. ரெண்டு மாதம் கழித்து விசைப்படகுகள் கூட்டமாகக் கிளம்பும் காட்சி! இந்தத் தேதிகளில் நாங்கள் வந்ததே அதற்காகத்தான். திட்டம் பேங்க் அண்ணனுடையது.

முட்டத்தில் எனக்கு ஆசை, அலையைப் புகையாக எடுப்பது. பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் என்பது கறுப்புக் கண்ணாடி, வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கிவிடும். சாதாரணமாக விநாடியில் முப்பதில் ஒரு பங்கு போதும் என்கிற இடத்தில் முப்பது விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். அதற்குள் அலை பல தடவை வந்து போய், படத்தில் பாறையைச் சுற்றிப் பால் மாதிரி படியும். சொல்லும்போது எளிது. அந்த முப்பது விநாடியும் லென்ஸ் முகத்தில் உப்புச் சாரல் அடித்துக்கொண்டே இருக்கிறது. துடைத்தால் பரவுகிறது. துடைக்காவிட்டால் ஒவ்வொரு திவலையும் ஒரு வெள்ளைப் புள்ளி. நான் எடுத்த இருபத்திரண்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருபத்து மூன்றாவதில் அலை முழங்கால் வரை ஏறி ட்ரைபாடைச் சாய்த்துவிட்டது. ஓடி வந்து அதைப் பிடித்தவன் தம்பி. என்னைக் கையைப் பிடித்து மேலே இழுத்தவர் அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர். "கடலுக்கு முதுகக் காட்டி நிக்கப்பிடாது கேட்டியளா" என்று சொல்லிவிட்டுத் தன் தூண்டிலுக்குத் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், அலை விட்டுப்போன கோட்டில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக ஏதோ. கையில் அள்ளினால் பிளாஸ்டிக் குருணை. மே மாதக் கடைசியில் கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் ஒன்று மூழ்கியதே, அதிலிருந்து மிதந்து வந்தவை இந்த மாவட்டக் கரையிலும் ஒதுங்கியிருக்கின்றன. மணலோடு கலந்துவிட்டால் பிரிப்பது லேசில்லை. ஈரக் கையில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகவில்லை. ஒரு கைப்பிடியைப் படம் எடுத்தேன். லென்ஸில் உப்பு இருந்ததால் அதுவும் மங்கல்தான்.

பத்து மணிக்கு ஒரு ஓலைக் கொட்டகைக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) சாளை மீன் கறியும். தட்டு 80 ரூபாய். "தடைக்காலம், மீனு வெல கூடுதல்" என்று கடைக்காரர் தானாகவே காரணம் சொன்னார். தடை விசைப்படகுக்குத்தான், வள்ளம் என்கிற சின்னப் படகுகளுக்கு இல்லை என்பதால் கொஞ்சம் மீன் வருகிறது. கிழங்கை மசிய வேகவைத்து, தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்துப் போட்டுக் கிளறியது, மேலே குடம்புளி போட்ட சிவப்புக் குழம்பு. கோவை டாக்டரம்மா சாளை முள்ளுக்குப் பயந்து ஓரம் ஓரமாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். கடைக்காரர் மனைவி வந்து, கேட்காமலே அவர் தட்டிலிருந்து மீனை எடுத்து, நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவிப்போட்டுத் திரும்ப வைத்தார். பல் டாக்டர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை சிதறால். பாறையை வெட்டிய படிகளில் ஏறினால் உச்சியில் தீர்த்தங்கரர் சிற்பங்கள், ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணப் பள்ளி, பிற்பாடு பகவதி கோயிலானது. மேலிருந்து பார்த்தால் தென்னையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. சூரியன் சாயும்வரை நிற்கலாம் என்று நினைத்தோம். காவலாளி ஐந்து மணிக்கே, "இறங்குங்க, நான் வீட்டுக்குப் போணும்" என்று விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் பாதி தூரம் இறங்கியபோதுதான் மேகம் கிழிந்து வெளிச்சம் வந்தது. பாதி வழியில் எடுத்த படம் பாதி வழிப் படமாகத்தான் இருக்கிறது.

ராத்திரிக் கூட்டம் சண்டையில் முடிந்தது. ஜவுளிக்காரர் முட்டத்தில் எடுத்த ஒரு படம் அருமை, மறுப்பதற்கில்லை. ஆனால் முன்னால் இருந்த மணல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. குருணை, செருப்பு, வலைத் துண்டு எல்லாவற்றையும் அழித்திருக்கிறார். "மின்கம்பியை அழிக்கிறோமே, அது மாதிரிதான்" என்றார். "கம்பி அங்க எப்பவும் இருக்கு சார். இது இந்த மாசம் வந்தது" என்றான் தம்பி. பேங்க் அண்ணன் ரெண்டு பேருக்கும் தலையாட்டினார், பேங்கில் பழகிய ஆட்டல். மங்கலாக இருந்தாலும் என் மூன்றில் ஒன்றாக அந்தக் கைப்பிடிப் படத்தை அனுப்பினேன். "இது லேண்ட்ஸ்கேப் இல்லையே" என்றார் ஜவுளிக்காரர். அது என்னவோ உண்மைதான்.

ஜூன் 15, ஞாயிறு: சின்னமுட்டம், கன்னியாகுமரி

மூன்று மணிக்கு அலாரம். நாலரைக்குச் சின்னமுட்டம் துறைமுகம். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவின் பாறைகள் மேல் ஐந்து ட்ரைபாட்களையும் நிறுத்தி, ஐஎஸ்ஓ என்ன, ஷட்டர் என்ன என்று கிசுகிசுத்துக்கொண்டு காத்திருந்தோம். ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. வெளிச்சம் வந்தது. படகுகள் கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தன. ஒரு நாய் வந்து எங்கள் பைகளை மோந்துவிட்டுப் போனது.

சாயாக் கடைக்காரரிடம் கேட்டோம். "தடைதான் நேத்தோட முடிஞ்சிருச்சே அண்ணே, ஏன் யாரும் போகல?" அவர் எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமல்லா. பூசைக்குப் போவாங்களா, கடலுக்குப் போவாங்களா?" என்று சொல்லி முடிக்கவும் சர்ச் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அலைநேரம், சூரியன் உதிக்கும் திசை, மேகம் எல்லாவற்றுக்கும் ஆளாளுக்கு ஆப் வைத்திருந்தோம். கிழமையை யாரும் பார்க்கவில்லை.

வெள்ளை வேட்டி சட்டையோடு ஒருவர் பூசை முடிந்து வந்து, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறார். என்ன படம் எடுத்தோம் என்று கேட்டார். கேமராத் திரையில் காட்டினேன். வானம் ஆரஞ்சு, படகுகள் கறுப்பு நிழல், தண்ணீரில் அதன் நிழல். எனக்கே பிடித்திருந்த படம். அவர் உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் கறுப்பா இருக்கே தங்கச்சி. எது யாரு போட்டுன்னு எப்பிடித் தெரியும்?"

சூரியனுக்கு எதிரே நின்று எடுத்தால் அப்படித்தான் வரும் என்றேன். "அப்ப இந்தப் பக்கமா நின்னு எடுங்க" என்று எழுந்து, தன் வள்ளம் இருக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயில் என் முதுகில், வள்ளம் நேர் வெளிச்சத்தில், நீலமும் மஞ்சளும். பக்கவாட்டில் பேரும் பதிவு எண்ணும். ஒரு இரும்புக் கழியில் துணி காய்கிறது. நாங்கள் யாருமே எடுக்காத வெளிச்சம், எடுக்கக் கூடாது என்று புத்தகம் புத்தகமாகப் படித்த வெளிச்சம். எண் முழுதாகத் தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னார், எடுத்தேன். நம்பர் வாங்கிக்கொண்டு அங்கேயே போனுக்கு மாற்றி அனுப்பினேன். "நாளைக்கு வெள்ளன வாங்க. காத்து கொறஞ்சா போவோம்" என்றார்.

கன்னியாகுமரியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசை. எங்களுக்கு முன்னால் இருபது பேர் இருக்கும்போது கடல் கொந்தளிப்பு, இன்றைக்கு இவ்வளவுதான் என்று அறிவித்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம், விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர், அதைக் கரையில் நின்றே பார்த்தோம். தூரத்தில் அது ஒரு வெள்ளை வில், அதற்குக் கீழே அலை வெடிக்கிறது. அதிகாரத்துக்கு ஓர் அடி வீதம் 133 அடி வள்ளுவர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நிற்கிறார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒடிசாக் குடும்பம் எங்களுக்கு முறுக்கு கொடுத்தது. பாட்டிக்கு வருத்தம் தாங்கவில்லை, அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள்.

மாலையில் கடலில் சூரியன் இறங்குவதை எடுக்க ஒரு கூட்டம் காத்திருந்தது. அதுவும் இந்த மாதம் நடக்காது. ஜூனில் சூரியன் மேற்கிலிருந்து நன்றாக வடக்கே ஒதுங்கிக் கரைப்பக்கமாகத்தான் மறையும். கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க டிசம்பர், ஜனவரியில் வர வேண்டும். பேங்க் அண்ணன் இதைப் பக்கத்தில் நின்ற புதுமணத் தம்பதிக்கு விளக்கிச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ராத்திரி ஏழு மணிக்குப் போன் அடித்தது. சின்னமுட்டத்து அண்ணன் நான் அனுப்பிய படத்தை டிபியாக வைத்திருந்தார். வட்டத்துக்குள் வர வேண்டுமே, வெட்டியதில் வள்ளத்தின் மூக்கு போய்விட்டது. எண் இருந்தது.

இன்றைய மூன்றில் ஒன்றாக அதையும் எங்கள் ஆட்களுக்கு அனுப்பினேன். தட்டையான வெளிச்சம், நடுவில் வைத்த பொருள், பின்னணியில் குப்பைத் தொட்டி என்று ஒவ்வொருவராக அடுக்கினார்கள். குப்பைத் தொட்டியை நான் கவனிக்கவே இல்லை. ஜவுளிக்காரர் அழித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

ஜூன் 16, திங்கள்: சின்னமுட்டம், திரும்பும் வழி

மறுபடி மூன்று மணி. காற்று குறையவில்லை. விசைப்படகுக்காரர்கள் வாயிலில் நின்று கடலைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாகத் தயங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கனவு கண்ட ஊர்வலம் நடக்கவில்லை. நாலைந்து வள்ளங்கள் மட்டும் கிளம்பின. நம் அண்ணன் வள்ளமும் அதில் ஒன்று. தூண்டில் வளைவைத் தாண்டும்போது அலை மூக்கைத் தூக்கி அடித்தது. வள்ளம் ஒரு நொடி செங்குத்தாக நின்ற மாதிரி இருந்தது. நான் ஷட்டரை அமுக்கவில்லை, வாயில் கை வைத்திருந்தேன். தம்பி எடுத்துவிட்டான், ஆனால் ஃபோகஸ் முன்னால் இருந்த பாறையில். அடுத்த நிமிடம் மழை. குடைக்குள் ஐந்து கேமராவும் குடைக்கு வெளியே ஐந்து பேரும்.

அதோடு முடிந்தது. எட்டு மணிக்குப் புட்டும் கடலைக் கறியும் சாப்பிட்டோம். புட்டின் மேல் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, ஒரு பழத்தையும் பிசைந்து சாப்பிடச் சொல்லிக் கொடுத்தார் பரிமாறிய பையன். நல்லா இருந்தது. அப்புறம் பஸ். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது, முப்பந்தல் காற்றாலைகள் வெறி பிடித்த மாதிரி சுற்றின. கேமராவை வெளியே எடுக்கவே மனசு வரவில்லை. இந்த நாலு நாளில் 612 படம். வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது ஒன்பது.

கயத்தாறு தாண்டும்போது வள்ளத்து அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. கடலிலிருந்து கரையைப் பார்த்து, போனில் எடுத்தது. அடிவானம் ஏகத்துக்கும் சாய்ந்திருக்கிறது. கீழ்ப்பாதி முழுக்கத் தண்ணீர், சாம்பல் நிறம். அதற்கு மேல் துறைமுகம் ஒரு மெல்லிய கோடாக, பின்னால் மேகம் சுற்றிய மருந்துவாழ்மலை. மூலையில் யாருடையதோ கட்டைவிரல். கூடவே ஒரு குரல் பதிவு, காற்றுச் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசுகிறார்: "நீங்க அஞ்சு பேரும் நிக்கியது தெரியுதா, பாருங்க!"

பெரிதாக்கிப் பார்த்தேன். தூண்டில் வளைவின் முனையில் ஐந்தோ ஆறோ கறுப்புப் புள்ளிகள். இன்னும் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைகிறது. வாட்ஸ்அப் சுருக்கிவிட்டது. "அண்ணே, இதையே டாக்குமென்டா அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன்.

"அது எப்பிடி தங்கச்சி?" என்று பதில் வந்தது. அவர் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டு அனுப்புகிறாராம்.